சானியா மிர்ஸா: இருபது ஆண்டுத் தொழில்முறை டென்னிஸ்

சானியா மிர்ஸா 2003இல் பதினாறு வயதில் தொழில்முறை டென்னிஸ் வீராங்கனையானார். 2023 பிப்ரவரியில், முப்பத்தாறாவது வயதில், துபாயில் கடைசிப் போட்டியை ஆடி விடைபெற்றார். இந்த இருபது ஆண்டுகளில் ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய உச்சம் 27ஆம் இடம். இரட்டையரில் முதலிடத்தைப் பிடித்து மொத்தம் 91 வாரங்கள் அதில் இருந்தார். ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார். மூன்று பெண்கள் இரட்டையரில், மூன்று கலப்பு இரட்டையரில். பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. நடத்தும் தொடர்களில் 43 இரட்டையர் பட்டங்கள் அவர் பெயரில் உள்ளன.

இந்தத் தொழிலில் உடம்புதான் முதலீடு, கருவி, கூலி வரும் வழி எல்லாமே. அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அறிந்து ஆட்டத்தை மாற்றிக்கொள்பவர்களே நீண்ட காலம் நிலைக்கிறார்கள். சானியாவின் வாழ்க்கை அந்த அறிவுக்கு ஒரு முழுமையான எடுத்துக்காட்டு. பதின்வயதில் முழு வலுவோடு ஒற்றையர் ஆடியது, காயங்களுக்குப் பிறகு இரட்டையரை முழுநேரத் தொழிலாக ஆக்கிக்கொண்டது, பிரசவத்துக்குப் பின் மறுபடி களம் இறங்கியது என மூன்று பருவங்களாக அது விரிகிறது.

முன் சென்றவர்கள்

இந்தியப் பெண்களின் டென்னிஸ் வரலாறு நீண்டது, ஆனால் தொடர்ச்சியற்றது. 1934இல் லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். 1952இல் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் பிரிவின் இறுதி ஆட்டம் வரை சென்றார். 1971இல் நிருபமா மங்கட், சென்னையின் ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடினார். 1998இல் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரின் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸிகினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகள் திறந்துவிடப்பட்ட 1968க்குப் பிறகு, அவற்றின் பிரதான சுற்று ஒற்றையரில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது.

இந்தப் பெயர்களுக்கு இடையே ஏறக்குறைய இருபது ஆண்டும் அதற்கு மேலுமான இடைவெளிகள் இருப்பதே அன்றைய நிலைமையைச் சொல்லும். பின்னால் வரும் பெண்ணுக்கு வழி சொல்ல முன்னால் போனவர் அருகில் இல்லை. எந்த வயதில் எந்தப் போட்டிக்குப் போவது, எப்போது பள்ளியைக் குறைத்துக்கொள்வது, பயணச் செலவுக்கு யாரைக் கேட்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் முதலிலிருந்து கற்றுக்கொண்டது. நிருபமா வைத்தியநாதனுக்குத் தந்தைதான் முதல் ஆசான். சானியாவுக்கும் அப்படியே.

ஹைதராபாத்தில் தொடக்கம்

சானியா 1986 நவம்பர் 15 அன்று மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தார். ஆறு வயதில் மட்டையைப் பிடித்தார். சாணம் மெழுகிய களங்களில் ஆடக் கற்றதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்று அந்த நகரில் சர்வதேசத் தரமுள்ள களங்கள் மிகக் குறைவு. டென்னிஸை முழுநேரத் தொழிலாக எண்ணும் பெண் பிள்ளைகள் அதைவிடக் குறைவு. தந்தை இம்ரான் மிர்ஸா பயிற்சியாளரானார். தாய் நசீமா பயணங்களில் துணையாகச் சென்றார். டென்னிஸ் வீரர் மகேஷ் பூபதியின் தந்தை கிருஷ்ணா பூபதியும் தொடக்க காலப் பயிற்சியில் பங்காற்றினார்.

டென்னிஸில் சிறுமியர் பிரிவு தனி உலகம். உலக டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். பல நாடுகளில் அவர்களுக்கான போட்டிகளை நடத்துகிறது. நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் தனிப் பிரிவு உண்டு. 2003 விம்பிள்டன் சிறுமியர் இரட்டையரில் ரஷ்யாவின் அலீசா கிளேபனோவாவோடு சேர்ந்து சானியா பட்டம் வென்றார். அதே ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, புசான் ஆசிய விளையாட்டில், லியாண்டர் பயஸோடு கலப்பு இரட்டையர் வெண்கலம் பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து.

சிறுமியர் பட்டம் தொழில்முறைப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு ஆகிவிடாது. எதிரே நிற்பவர் இருபத்தைந்து வயதுப் பெண். பந்தின் வேகமும் கனமும் வேறு. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் வாடகையும் விமானச் சீட்டும் அடங்கியிருக்கின்றன. சிறு வயதிலேயே அதிகம் ஆடி உடலும் மனமும் சோர்ந்து போன சில வீராங்கனைகளின் அனுபவத்துக்குப் பின், டபிள்யூ.டி.ஏ. 1990களின் நடுவில் வயது விதியைக் கொண்டுவந்தது. அதன்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆண்டுக்கு இத்தனை தொடர்களே ஆடலாம் என்ற வரம்பு உண்டு. சானியா தொழிலில் நுழைந்ததும் இந்த வரம்புக்குள்தான்.

தரவரிசையின் இயக்கம்

தொழில்முறை வீராங்கனையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது தரவரிசை எண். எந்தத் தொடரில் நேரடியாக இடம் கிடைக்கும், எதில் தகுதிச் சுற்று ஆட வேண்டும், முதல் சுற்றில் யார் எதிரே வருவார் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு அது வாராவாரம் கணக்கிடப்படுகிறது. சென்ற ஆண்டு இதே வாரத்தில் பெற்ற புள்ளிகள் இந்த ஆண்டு அதே வாரம் வரும்போது கழிந்துவிடும். ஆகவே ஒரு பெரிய வெற்றிக்கு அடுத்த ஆண்டு அந்த வெற்றியைக் காப்பாற்றும் ஆண்டாகிறது. காயத்தால் மூன்று மாதம் படுத்துவிட்டால் புள்ளிகள் வராமல் போவதோடு, பழைய புள்ளிகளும் ஒவ்வொன்றாகக் கழிகின்றன.

ஏணியின் கீழ்ப்படிகளில் ஐ.டி.எஃப். தொடர்கள் இருக்கின்றன. பரிசுத்தொகை சிறியது, பார்வையாளர்கள் சிலரே, பெரும்பாலான ஊர்களில் முதல் இரண்டு சுற்றில் தோற்றவருக்குப் பயணச் செலவே மிஞ்சாது. அடுத்த படியில் டபிள்யூ.டி.ஏ. தொடர்கள், அவற்றுக்கு மேலே நான்கு கிராண்ட் ஸ்லாம்கள். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர் ஆடுகிறார்கள். ஏறக்குறைய முதல் நூறு இடங்களில் இருப்பவர்களுக்கே நேரடி நுழைவு. மற்றவர்கள் மூன்று சுற்றுத் தகுதி ஆட்டங்களை வெல்ல வேண்டும். போட்டி நடத்துவோர் சில இடங்களைத் தம் விருப்பப்படி வழங்குவார்கள். அதுவே வைல்டு கார்டு. முதல் நூறுக்குள் நுழைவது ஏன் ஒரு வீராங்கனைக்கு அத்தனை பெரிய எல்லைக்கோடு என்பதற்கு இதுதான் காரணம். முதல் சுற்றிலேயே தோற்றாலும், கிராண்ட் ஸ்லாமில் நேரடியாக ஆடும் வாய்ப்பு ஆண்டுக்கு நான்கு முறை உறுதியான வருமானம் தருகிறது; பயிற்சியாளருக்கும் உடற்பயிற்சி நிபுணருக்கும் அதிலிருந்துதான் சம்பளம் கொடுக்க முடிகிறது.

2005

2004 பிப்ரவரியில் ஹைதராபாத் ஓபன் இரட்டையரில் லீசல் ஹியூபரோடு சானியா முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டுதான் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. 2005 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் வைல்டு கார்டு பெற்று நுழைந்தவர், இரண்டு சுற்றுகளை வென்று மூன்றாவது சுற்றில் செரீனா வில்லியம்ஸை எதிர்கொண்டார். 1–6, 4–6 என்று தோற்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மூன்றாவது சுற்றை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர். இரண்டாவது செட்டில் செரீனாவையே தடுமாற வைத்த அந்த வலது கை ஃபோர்ஹேண்ட் அடியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது.

பிப்ரவரியில் சொந்த ஊரில், ஹைதராபாத் ஓபன் இறுதி ஆட்டத்தில் உக்ரைனின் அல்யோனா பொன்டரென்கோவை மூன்று செட்களில் வென்றார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அன்று கிடைத்தது. மார்ச்சில் துபாயில், அப்போதைய யு.எஸ். ஓபன் சாம்பியன் ஸ்வெத்லானா குஸ்நெட்சோவாவிடம் முதல் செட்டில் 0–4 என்று பின்தங்கியிருந்து, 6–4, 6–2 என்று வென்றார். செப்டம்பரில் யு.எஸ். ஓபனில் நான்காவது சுற்று வரை சென்று மரியா ஷரபோவாவிடம் தோற்றார். டபிள்யூ.டி.ஏ. அவரை ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தெடுத்தது. அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் முதல் நூறுக்குள் வராத தரவரிசையில், அவர் ஓராண்டுக்குள் முதல் நாற்பதுக்குள் நுழைந்தார்.

இந்தப் புகழோடு சுமையும் வந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணின் ஆடையைப் பற்றி மதத் தலைவர்கள் சிலர் அறிக்கை விட்டார்கள். ஆட்டங்களுக்குக் காவல்துறைப் பாதுகாப்பு தேவைப்பட்டது. கருத்துக் கேட்க நிருபர்கள் சூழ்ந்தார்கள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் செய்தியானது. உலகத் தரவரிசையில் மேலே ஏறுவதற்கே முழு கவனமும் தேவைப்படும் வயதில், இந்த வீராங்கனை தன் தொழிலோடு தொடர்பற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஆடினார். அந்த நிலையிலும் தரவரிசையில் முன்னேறியது அவருடைய மன உறுதிக்குச் சான்று.

ஃபோர்ஹேண்டும் மணிக்கட்டும்

சானியாவின் ஆட்டத்தின் மையம் அவருடைய ஃபோர்ஹேண்ட். மணிக்கட்டு இயல்புக்கு மிஞ்சி வளையக்கூடியது. அதனால் கடைசி நொடியில் மட்டையின் முகத்தைத் திருப்பிப் பந்தை எதிர்பாராத கோணத்தில் அனுப்ப முடிந்தது. பந்து எந்தப் பக்கம் வரும் என்று எதிராளி கணிப்பதற்குள் அது கடந்துவிடும். பின்கோட்டின் அருகே நின்று, பந்து எழும்போதே தட்டையாக அடித்து முடித்துவிடும் முறை அது.

அதே ஆட்டத்தின் பலவீனம் சர்வ், குறிப்பாக இரண்டாவது சர்வ். முதல் சர்வ் தவறினால் அடுத்ததை மெதுவாகப் போட வேண்டியிருந்தது. முன்னணி வீராங்கனைகள் அதை முன்னால் ஏறி வந்து தண்டித்தார்கள். ஓட்டத்தின் வேகமும் முதல் பத்து இடங்களில் இருந்தவர்களுக்கு ஈடாக இல்லை. ஆகவே எதிர்ப்பந்துகளை ஓடித் தேடிக் காப்பதைவிட, முந்திக்கொண்டு அடித்துப் புள்ளியை முடிப்பதே அவர் வழியானது. அந்த வழியில் தவறுகள் அதிகம். வெல்லும் நாளில் அது தடுக்க முடியாதது.

2006 செப்டம்பரில் சியோலில் மார்ட்டினா ஹிங்கிஸை வென்றது அத்தகைய நாள். 2007 கோடையில் அமெரிக்கக் கடினத் தரைகளில் ஆடிய தொடர்கள் அவருடைய ஒற்றையர் வாழ்வின் சிகரம். ஸ்டான்ஃபோர்டில் இறுதி ஆட்டம் வரை சென்றார். 2007 ஆகஸ்ட் 27 அன்று வெளியான தரவரிசையில் 27ஆம் இடம் பெற்றார். அதற்குப் பின் எந்த இந்தியப் பெண்ணும் அந்த எண்ணை நெருங்கவில்லை.

பலம் தந்த மணிக்கட்டே விலையும் கேட்டது. அளவுக்கு மிஞ்சி வளையும் மூட்டு, ஒவ்வொரு வேகமான அடியிலும் தசைநாண்களின் மேல் கூடுதல் பளு ஏற்றுகிறது. ஒரே பயிற்சி நாளில் சில நூறு ஃபோர்ஹேண்ட் அடிக்கும் தொழிலில் அந்தப் பளு சேர்ந்துகொண்டே போகும். 2008இல் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் முதல் சுற்றில் கை வலியால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. முழங்கால்களிலும் காயங்கள் தொடர்ந்தன. மொத்தம் மூன்று அறுவைச் சிகிச்சைகளை அவர் கடந்தார். கடினத் தரையில் ஓடி, நின்று, திரும்பும் ஒவ்வொரு அசைவும் முழங்காலில்தான் இறங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதித் தொடர்கள் அந்தத் தரையில்தான் நடக்கின்றன.

காயத்திலிருந்து திரும்பும் வீராங்கனைக்குச் சிறப்புத் தரவரிசை என்றொரு வசதி உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஆட முடியாதவர், விலகியபோது இருந்த எண்ணைக் கொண்டு குறிப்பிட்ட சில தொடர்களில் நுழையலாம். நுழைவுதான் கிடைக்கும், எளிய எதிராளிகள் கிடைக்க மாட்டார்கள். அந்தச் சில வாய்ப்புகளுக்குள் புள்ளிகள் சேர்க்காவிட்டால் மறுபடி கீழ்ப்படிதான்.

ஒற்றையரை விட்ட முடிவு

2012க்குப் பிறகு சானியா ஒற்றையர் ஆடவில்லை. இரட்டையரையே முழுநேரத் தொழிலாக ஆக்கிக்கொண்டார். பொதுவாக ரசிகர்கள் இரட்டையரை இரண்டாம் நிலையில் வைத்துப் பார்க்கிறார்கள். பரிசுத்தொகையும் அப்படியே. 2015 யு.எஸ். ஓபனில் பெண்கள் ஒற்றையர் சாம்பியனுக்கு 33 லட்சம் டாலர். இரட்டையர் சாம்பியன் ஜோடிக்குச் சேர்த்து 5,70,000 டாலர். இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்தே எடுத்த முடிவு அது.

விளையாட்டின் அமைப்பைப் பார்த்தால் அதன் சரியான கணக்கு புரியும். ஒற்றையரில் முழுக் களத்தையும் ஒருவர் காக்க வேண்டும், இரட்டையரில் பாதி. ஒற்றையரில் ஒன்றுவிட்டு ஒரு கேமில் தானே சர்வ் போட வேண்டும்; இரட்டையரில் நான்கு கேமுக்கு ஒரு முறை, அப்போதும் வலையருகே துணை நிற்கிறார். சர்வ் வேகமில்லாவிட்டாலும் சரியான இடத்தில் விழுந்தால், பலவீனமாகத் திரும்பி வரும் பந்தைத் துணை முடித்துவிடுவார். டபிள்யூ.டி.ஏ. தொடர்களின் இரட்டையரில் 40–40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிகிறது. செட்கள் சமமானால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை பிரேக்கர். இதனால் ஆட்ட நேரம் குறைகிறது, முழங்காலின் பளுவும் குறைகிறது. சானியாவின் பலவீனங்கள் சிறுத்து, ஃபோர்ஹேண்ட், சர்வைத் திருப்பி அடிக்கும் திறன் என்ற இரண்டு பலங்களும் பெருகும் களம் இரட்டையர்தான்.

இந்தக் களத்துக்கு வேறு திறன்கள் வேண்டும். குறுக்குக் கோணத்தில் தாழ்வாக அடிப்பது, தலைக்கு மேல் உயர்த்தி அனுப்புவது, வலையில் கைவேகம், துணையின் நகர்வைப் பார்க்காமலே அறிவது. ஒற்றையரில் பின்கோட்டில் நின்று பழகிய ஒருவர் இருபதுகளின் நடுவில் இவற்றைப் புதிதாகக் கற்று, உலகின் மிகச் சிறந்தவர்களோடு போட்டியிட வேண்டும். ஜோடி அமைப்பதும் தொழிலின் பகுதி. நுழைவுக்கு இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். நல்ல துணை கிடைக்க நல்ல எண் வேண்டும். நல்ல எண் வர நல்ல துணை வேண்டும்.

2011 பிரெஞ்சு ஓபனில் ரஷ்யாவின் எலீனா வெஸ்னினாவோடு சானியா இறுதி ஆட்டம் வரை சென்றிருந்தார். 2014இல் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கோடு, சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதி டபிள்யூ.டி.ஏ. போட்டியில் பட்டம் வென்றார். இறுதி ஆட்டத்தில் ஷே சு-வே, பெங் ஷுவாய் ஜோடியை 6–1, 6–0 என்று வென்றது, அவருடைய இரட்டையர் ஆட்டம் முழு வளர்ச்சி அடைந்ததைக் காட்டியது.

ஹிங்கிஸோடு

2015 மார்ச்சில் சானியாவும் ஸ்விட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் ஜோடி சேர்ந்தார்கள். ஹிங்கிஸ் 1997இல் பதினாறு வயதில் ஒற்றையர் முதலிடம் பிடித்தவர். ஐந்து ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர். வலிமையைவிடக் கணிப்பும் கை நுட்பமும் கொண்ட ஆட்டம் அவருடையது. சானியா வலப்பக்கம் நின்று சர்வை எதிர்கொண்டார், ஹிங்கிஸ் இடப்பக்கம். சானியாவின் ஃபோர்ஹேண்ட் எதிராளிகளைப் பின்கோட்டுக்குத் தள்ளியது. அங்கிருந்து தவித்து வந்த பந்தை வலையருகே ஹிங்கிஸ் முடித்தார். ஒருவருடைய குறையை மற்றவருடைய நிறை மறைத்தது.

இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்து ஆடிய முதல் மூன்று தொடர்களையும் வென்றார்கள். 2015 ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பெற்றார், டபிள்யூ.டி.ஏ. தரவரிசையில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர்.

அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டம் இந்த ஜோடியின் தரத்தை முழுமையாகக் காட்டியது. கிராண்ட் ஸ்லாம் பெண்கள் இரட்டையரில் மூன்றாவது செட்டும் முழுதாக ஆடப்படும். எகாதெரினா மகரோவா, எலீனா வெஸ்னினா ஜோடியிடம் முதல் செட்டை 5–7 என்று இழந்தார்கள். இரண்டாவதை டை பிரேக்கரில் எடுத்தார்கள். மூன்றாவதில் 2–5 என்று பின்தங்கினார்கள். எதிராளிகளுக்குத் தேவை ஒரே ஒரு கேம். அங்கிருந்து மூன்று கேம்களை எடுத்து 5–5 ஆக்கியபோது வெளிச்சம் மங்கியது. சென்டர் கோர்ட்டின் கூரை மூடப்பட்டது. மீண்டும் ஆடத் தொடங்கியதும் அடுத்த இரண்டு கேம்களையும் வென்று 7–5 என்று முடித்தார்கள். விம்பிள்டனில் பெண்கள் இரட்டையர் பட்டம் இந்தியப் பெண் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

தொடர்ந்து யு.எஸ். ஓபன், குவாங்சோ, வூஹான், பெய்ஜிங், சிங்கப்பூர் ஆண்டிறுதிப் போட்டி, 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் என்று வெற்றிகள் குவிந்தன. தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2016 பிப்ரவரியில் தோஹாவில்தான் அந்த வரிசை அறுந்தது. சேர்ந்து வென்ற பட்டங்கள் பதினான்கு. 2016 ஆகஸ்டில் இருவரும் பிரிந்தார்கள். இரட்டையரில் ஜோடிகள் பிரிவது வழக்கமானது. ஆட்டத்தின் முடிவுகள் மந்தமாகும்போது தரவரிசைக் கணக்கு புதிய துணையைத் தேடச் சொல்கிறது. பிரிந்த பின்னும் ஆண்டிறுதிப் போட்டியில் இருவரும் மறுபடி சேர்ந்து ஆடினார்கள்.

கலப்பு இரட்டையரும் நாட்டுக்கான ஆட்டமும்

கலப்பு இரட்டையர் கிராண்ட் ஸ்லாம்களிலும் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற போட்டிகளிலும் மட்டுமே ஆடப்படுகிறது. அதற்குத் தரவரிசைப் புள்ளி இல்லை. ஆண்களின் சர்வையும் வலையருகே அவர்கள் அடிக்கும் பந்தையும் பெண் எதிர்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஜோடிகள் அவரைக் குறிவைத்தே ஆடும். சானியாவின் ஃபோர்ஹேண்ட் அந்த வேகத்தைத் தாங்கியது. 2009 ஆஸ்திரேலிய ஓபனையும் 2012 பிரெஞ்சு ஓபனையும் மகேஷ் பூபதியோடு வென்றார். 2014 யு.எஸ். ஓபனைப் பிரேசிலின் புருனோ சோரெஸோடு வென்றார்; இறுதி டை பிரேக்கர் 11–9.

ஆசிய விளையாட்டில் 2006 தோஹாவில் லியாண்டர் பயஸோடும், 2014 இஞ்சியோனில் சாகேத் மைனேனியோடும் கலப்பு இரட்டையர் தங்கம் பெற்றார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் வெள்ளி, ரஷ்மி சக்ரவர்த்தியோடு இரட்டையர் வெண்கலம். நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். 2016 ரியோவில் ரோஹன் போபண்ணாவோடு பதக்கத்துக்கு மிக அருகே சென்று நான்காவது இடம் பெற்றார். நாட்டுக்கான இந்த ஆட்டங்களில் பரிசுப்பணமோ தரவரிசைப் புள்ளியோ பெரிதாக இல்லை. தொழில் நாட்காட்டியில் வாரங்களை விட்டுக்கொடுத்தே ஆட வேண்டும். அவர் அதைத் தயங்காமல் செய்தார். இந்திய அரசு அவருக்கு 2004இல் அர்ஜுனா விருதும், 2006இல் பத்மஸ்ரீயும், 2015இல் கேல் ரத்னாவும், 2016இல் பத்மபூஷணும் வழங்கியது.

பெண்களின் கூலி

சானியா ஈட்டிய பரிசுத்தொகை மொத்தம் ஏறக்குறைய 70 லட்சம் டாலர். அது சாத்தியமானதற்குப் பின்னால் முந்தைய தலைமுறையின் போராட்டம் இருக்கிறது. 1970இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனித் தொடரைத் தொடங்கினார்கள். ஆண்களுக்குக் கொடுத்த பரிசில் சிறு பங்கே பெண்களுக்குக் கிடைத்த காலம் அது. 1973இல் டபிள்யூ.டி.ஏ. உருவானது, அதே ஆண்டு யு.எஸ். ஓபன் இருபாலருக்கும் சமப் பரிசு அறிவித்தது. விம்பிள்டன் அந்த நிலைக்கு வர 2007 ஆனது. உலக அளவில் பெண்கள் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு நல்ல வருமானம் ஈட்டக்கூடிய துறைகளில் டென்னிஸ் முன்னணியில் இருப்பதற்கு அந்த ஒன்பது பேரின் துணிச்சல் அடித்தளம்.

பிரசவத்துக்குப் பின்

2010இல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயப் மாலிக்கைச் சானியா மணந்தார். 2017 அக்டோபரில் முழங்கால் காயத்தால் ஆட்டத்தை நிறுத்தினார். 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். பல ஆண்டுகள் குழந்தைப்பேறு பெண்கள் டென்னிஸில் தொழிலின் முடிவாகவே கருதப்பட்டது. 2018 இறுதியில் டபிள்யூ.டி.ஏ. தன் விதிகளைத் திருத்தி, குழந்தை பெற்றவர் பிரசவத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை சிறப்புத் தரவரிசையைப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியது. சானியா 26 கிலோ எடை குறைத்து மீண்டும் பயிற்சியில் இறங்கினார். வயிற்றுத் தசை, இடுப்பு, கால் என்று ஒவ்வொன்றாக வலுவேற்றி, அதன் பிறகே களத்தில் ஓட முடியும். இளம் வயதில் சில வாரங்களில் திரும்பும் வலு முப்பதுக்கு மேல் பல மாதம் எடுக்கிறது.

2020 ஜனவரியில் ஹோபார்ட் தொடரில் உக்ரைனின் நாடியா கிச்செனோக்கோடு ஆடினார். இரண்டு ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஆடிய முதல் தொடரிலேயே பட்டம். மார்ச்சில் துபாயில், நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் ஃபெட் கோப்பையின் ஆசிய-ஓசியானியச் சுற்றில் இந்தியா முதல் முறையாகப் பிளே ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அந்த அணியில் அவரும் இருந்தார். அவருக்கு அந்த ஆண்டு ஃபெட் கோப்பை ஹார்ட் விருது கிடைத்தது. 2021 செப்டம்பரில் ஆஸ்ட்ராவாவில் ஜாங் ஷுவாயோடு 43ஆவது பட்டத்தை வென்றார். தாயான பிறகும் உச்சத் தரத்தில் ஆட முடியும் என்று இந்தியப் பெண்களுக்கு அவர் காட்டியது, எந்தக் கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கும் குறைந்ததல்ல.

விடைபெறுதல்

2022 ஜனவரியில், அந்த ஆண்டோடு நிறுத்தப்போவதாகச் சானியா அறிவித்தார். உடல் தேறி எழ ஒவ்வொரு முறையும் அதிக நாள் பிடிப்பதையும், சிறு குழந்தையோடு பயணம் செய்வதன் சிரமத்தையும் காரணமாகச் சொன்னார். அந்த ஆண்டு விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் குரோஷியாவின் மாடே பாவிச்சோடு அரையிறுதி வரை சென்றார். பிறகு ஏற்பட்ட கைக் காயத்தால் யு.எஸ். ஓபன் ஆட முடியாமல் போகவே, விடைபெறுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தார். 2023 ஆஸ்திரேலிய ஓபனில் போபண்ணாவோடு கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம் வரை வந்து, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி, ரஃபேல் மாடோஸ் ஜோடியிடம் தோற்றார். பிப்ரவரியில் துபாயில் அமெரிக்காவின் மேடிசன் கீஸோடு ஆடிய முதல் சுற்றுத் தோல்வியோடு தொழில் நிறைவடைந்தது. முப்பத்தாறு வயதில் கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டம் ஆடிவிட்டு, அடுத்த மாதமே தானாக முடிவெடுத்து விலகுவது மிகச் சிலருக்கே வாய்க்கிறது.

ஹைதராபாத் அருகே அவர் தொடங்கிய டென்னிஸ் பயிற்சி நிலையம் 2013 முதல் இயங்குகிறது. நல்ல களங்கள், சர்வதேசப் போட்டி அனுபவம் உள்ள வழிகாட்டிகள், சிறு வயதிலேயே சரியான உடற்பயிற்சி ஆகியவை அவருடைய காலத்தில் இந்தியப் பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்காதவை. அவருக்குப் பின் அங்கிதா ரெய்னா போன்றவர்கள் ஃபெட் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக ஆடினார்கள். ஆனால் ஒற்றையரில் முதல் நூறு இடங்களுக்குள் நுழைந்து நிலைத்த அடுத்த இந்தியப் பெண் இன்னும் வரவில்லை. அதற்கு வேண்டியது ஒரு தனிமனிதரின் திறமை மட்டுமல்ல. சிறிய தொடர்கள் நாட்டுக்குள்ளேயே ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். பயணச் செலவைத் தாங்கும் ஆதரவு வேண்டும். காயத்தை முன்கூட்டியே கண்டு தடுக்கும் மருத்துவம் வேண்டும். எந்த வயதில் எதை ஆடுவது, எதை விடுவது என்று சொல்லித்தர, அந்தப் பாதையில் போய் வந்தவர்கள் அருகில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இந்தியப் பெண்கள் டென்னிஸுக்கு இப்போது முதல் முறையாகக் கைவசம் இருக்கிறது.